யோசிக்காதேங்கோ என்றால் சிந்திக்காதே என்றா?

பெப்ரவரி 2, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

கொழும்பு பம்பலப்பிட்டியில் தமிழ் படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளை ஒன்று கட்டுரையில் "அப்பா வேலையை விட்டதிலிருந்து அம்மாவுக்கு ஒரே யோசனை" என்று எழுதியிருந்தது. யோசனையை வெட்டிக் கவலை என்று போட்டேன். "அம்மாவுக்குக் கவலை இல்லை டீச்சர், யோசனைதான்" என்று பிள்ளை பிடிவாதமாக நிற்கிறது. யோசனை என்றால் சிந்தனை. கவலைக்குப் பதிலாக அதைப் போடுவது பேச்சுவழக்குப் பிழை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

பெப்ரவரி 2, இரவு (என் பதில்)

பிள்ளை சொன்னது சரி. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு வாசியுங்கள்.

எங்கள் வாயில், அதாவது வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய ஆட்களின் வாயில், இந்தச் சொற்கள் எல்லாம் ஒரு சீட் தள்ளி இருக்கின்றன. 100ஆம் இலக்க பஸ்ஸில் முன்னால் இருப்பவர் எழும்பினால் பின்னால் இருப்பவர் முன்னுக்கு நகர்வாரே, அப்படி. வருத்தம் போய் நோயின் இடத்தில் இருந்துவிட்டது. "அவருக்கு வருத்தமாம்" என்றால் காய்ச்சலோ, சலரோகமோ என்றுதான் அடுத்த கேள்வி வரும். மனம் நொந்திருக்கிறார் என்று ஒருவரும் எடுக்கமாட்டார்கள். வருத்தம் எழும்பிய சீட்டில் கவலை வந்து இருந்தது. "கேட்டுச் சரியான கவலையாப் போச்சு" என்பது செத்தவீட்டு வசனம். அங்கே இனி என்ன ஆகுமோ என்ற பயம் ஒன்றும் இல்லை, ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. அது வெறும் துயரம். அப்படிக் கவலை துயரமாகிவிட, இனி என்ன ஆகுமோ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். அதுதான் யோசனை. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் சரிவரும்."

நோய்க்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அதை வைத்தியசாலைப் பலகைக்கு அனுப்பிவிட்டோம். வெளிநோயாளர் பிரிவு. வீட்டில் நோ, அதாவது வலி, இருக்கும், நோகும், நோய் இருக்காது.

ஆகவே அந்தப் பிள்ளை எழுதியதன் பொருள்: அம்மா அழுதுகொண்டு இருக்கவில்லை, மாதக் கடைசியில் வாடகைக்கு என்ன செய்வது என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் கவலை என்று போட்டதும் அம்மாவை அழ வைத்துவிட்டீர்கள்.

பெப்ரவரி 3

மேலே சொன்னதற்கு ஒரு சாட்சி. சென்னையிலிருந்து எங்கள் ஒப்பிசுக்கு வந்திருந்த ஒருவர், ஊரில் யாரோ சொந்தக்காரர் இறந்த செய்தி கேட்டு, "மனசுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு" என்றார். மனசுக்கு என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. ஒருவர் பனடோல் எடுத்து நீட்டினார். இன்னொருவர் மல்லித்தண்ணி குடிக்கச் சொன்னார். மூன்றாவது ஆள் "லீவு போட்டிட்டுப் போய்ப் படுங்கோ அண்ணை" என்றார். அது ஒன்றுதான் இரண்டு பொருளுக்கும் பொருந்திய ஆலோசனை.

பெப்ரவரி 5

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் மறுக்கிறார். "அமைச்சர் வருத்தம் தெரிவித்தார்" என்று கொழும்புப் பத்திரிகைகள்தானே எழுதுகின்றன, அமைச்சருக்கு என்ன காய்ச்சலா என்று.

நல்ல அடி. சீட் மாறியது வாயில் மட்டும்தான். பேனையில் எல்லோரும் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். அந்த எழுத்துத் தமிழைப் பார்த்துத்தான் நாங்கள் எழுதப் பழகினோம், அது தமிழகத்துக்கும் எங்களுக்கும் பொதுவான தமிழ். அதில் வருத்தம் தெரிவிக்கலாம், வருந்துகிறோம் என்று அறிவித்தல் போடலாம். அதே பத்திரிகையை வாசித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, "மாமிக்கு வருத்தமாம், ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வருவம்" என்று எழும்புகிறோம். ஒரே ஆள், ஒரே காலை, இரண்டு வருத்தம். குழப்பம் வருவதே இல்லை, அதுதான் அதிசயம்.

இன்னொன்றும் சொன்னார்: கொட்டாஞ்சேனையில் மலையகத்து, இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் "கவலப்படாதீங்க" என்றுதான் சொல்லும், யோசனை என்று எல்லோரும் சொல்வதில்லை. உண்மை. எங்கள் ஆட்கள் என்று நான் எழுதும்போது வடக்கில் ஒரு கால் வைத்து நிற்கிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருதானையில் என் முஸ்லிம் நண்பர் "யோசிக்க வாணாம்" என்பார், ஆனால் தன் மனது சரியில்லை என்றால் "ஒரு மாதிரி ஈக்கி", அதாவது ஒரு மாதிரி இருக்கிறது, என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த "ஒரு மாதிரி"க்குள் இந்த இழையில் உள்ள எல்லாச் சொல்லும் அடங்கும்.

பெப்ரவரி 6

எது யோசனை, எது கவலை என்று ஒரு தேர்வு கேட்டிருக்கிறார் டீச்சர். இதோ.

உயர்தரப் பரீட்சை முடிவு வருவதற்கு முதல்நாள் இரவு வீட்டில் இருப்பது யோசனை. முடிவு வந்து, மூன்றும் எஸ், அதாவது ஆகக்குறைந்த சித்தி, என்று தெரிந்த பிறகு இருப்பது கவலை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூன்றும் ஏ என்று கேள்விப்பட்டதும் வருவதற்கு வேறு சொல் இருக்கிறது, அது இந்த இழைக்குள் வராது.

விசாவும் அப்படித்தான். கடவுச்சீட்டு தூதரகத்தில் கிடக்கும்வரை யோசனை. திரும்பி வந்து முத்திரை இல்லாவிட்டால் கவலை. முடியாததற்கு ஒன்று, முடிந்ததற்கு ஒன்று.

பெப்ரவரி 6, பின்னேரம்

டீச்சர் உடனே மடக்குகிறார். "அம்மா செத்து எவ்வளவு காலம், இன்னும் அதையே யோசிச்சுக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்வதில்லையா? முடிந்துபோன விஷயம்தானே?

சொல்வோம். அப்படியென்றால் காலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பார்ப்போம். யோசனை ஓடும், கூடும், பிடிக்கும். "இரவு முழுக்க ஒரே யோசனை ஓடிக்கொண்டிருந்தது." கவலை ஓடாது. கவலை இருக்கும், கிடக்கும், ஒருநாள் ஆறும். தாயைப் பறிகொடுத்தவள் சும்மா துக்கப்பட்டால் கவலை. "அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்" என்று திரும்பத் திரும்ப அதே பாதையில் மனதை ஓட்டினால் யோசனை. நடந்து முடிந்ததை நடக்காததுபோல வைத்துச் சுற்றுவது. காலையில் சொன்னதை விட இது நன்றாக நிற்கிறது.

பெப்ரவரி 7

யோசனைக்குத் தூர அளவு என்றும் ஒரு பொருள் உண்டு, மறந்துவிடாதீர்கள் என்று ஒருவர். அனுமன் நூறு யோசனை தாண்டித்தான் இலங்கைக்கு வந்தான். வந்து சேர்ந்த இடத்தில் மிச்ச யோசனை எல்லாம் இருக்கிறது.

பெப்ரவரி 9

தகராறை விட்டு ஒரு சம்பவம். என் மாமியைக் கொழும்பில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிரஷர் ஏறி நிற்கிறது. மகன் லண்டனில், அவனுடைய கேஸ் இழுபடுகிறது. டொக்டர் சிங்களவர், நான்தான் மொழிபெயர்ப்பு. என்ன செய்கிறது என்று கேட்டார். மாமி சொன்னது: "சரியான யோசனை, வேற ஒண்டுமில்லை."

எனக்கு நாக்கு நின்றுவிட்டது. சிங்களத்தில் பய என்று சொன்னால் மாமி பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவார். துக்க என்றால் யாரோ செத்ததுபோல ஆகிவிடும். கடைசியில் உள்ளதை உள்ளபடி, "ஹுங்கக் கல்பனா கரனவா" என்றேன், நிறைய யோசிக்கிறார் என்று. டொக்டர் தலையாட்டினார். ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. சிங்களத்திலும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறவனிடம் "மொகத கல்பனாவ?" என்றுதான் கேட்பார்கள். அதே தடம்.

சென்னைத் தமிழருக்கு விளக்கம் தேவைப்பட்ட சொல் சிங்கள டொக்டருக்குத் தேவைப்படவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றின் நிறம் மற்றதில் ஒட்டியதா, இரண்டும் தனித்தனியே அங்கே போய்ச் சேர்ந்தனவா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கரைச்சல் என்று நாங்கள் சொல்வதைச் சிங்கள பஸ் கண்டக்டரும் கரச்சல் என்கிறார். ஒரு தீவில் தொல்லைகள் பொது என்றால் சொற்களும் கொஞ்சம் பொதுவாகத்தான் இருக்கும்.

பெப்ரவரி 10

டீச்சருக்கு இன்னொரு வாதம், இது கொஞ்சம் கனமானது. சிந்திப்பதைக் குறித்த சொல் கவலையாக மாறுவது பிழை என்றால், விசாரத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? வடமொழியில் விசாரம் என்றால் ஆராய்வது. தமிழில் "விசாரப்பட்டான்" என்றால் கவலைப்பட்டான். அதை எந்தத் தமிழ் ஆசிரியரும் வெட்டுவதில்லை, பழைய தமிழ் என்று கொண்டாடுவார்கள். வடமொழியிலேயே சிந்தா என்பதற்கு நினைப்பு, கவலை இரண்டும் பொருள். இந்திக்காரர் இன்றைக்கும் கவலையைச் சிந்தா என்கிறார்கள். நினைப்பு முற்றினால் கவலை என்பது எங்கள் பம்பலப்பிட்டிப் பிள்ளை கண்டுபிடித்த வழி அல்ல.

விசாரிப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. பேதுருவின் நிருபத்தில் ஒரு வசனம், "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." கிறிஸ்தவ வீடுகளின் கலண்டரில் கண்டிருப்பீர்கள். விசாரிப்பது அங்கே பராமரிப்பது. ஒருவருக்குக் கவலை, மற்றவருக்கு விசாரிப்பு, இரண்டும் ஒரே வரியில். மொழிபெயர்ப்பு வேலை செய்கிற எனக்கு இந்த வரியைக் கண்டால் பொறாமை.

பெப்ரவரி 13

அந்தரம் எங்கே என்று பலர் கேட்டுவிட்டார்கள். அதைப் பிறகு எடுக்க வைத்திருந்தேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்த சொல்.

யோசனை தலையில். அந்தரம் காலில். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்றவர்களுக்கு இது விளங்கும். கியூஆர் பங்கீட்டு முறை வருவதற்கு முந்திய நாட்கள். வீட்டில் இருக்கும்போது "பெற்றோல் கிடைக்குமோ" என்பது யோசனை. வரிசையில் நிற்கும்போது "பவுசர் வருகுதாம்" என்று, எண்ணெய் லொறி வருகிறது என்று, முன்னால் ஒருவன் சொன்னதும் எல்லோரும் ஓடிப்போய் வாகனத்தை ஸ்டார்ட் செய்து, ஒரு அடிகூட நகர முடியாமல் முன்னவனுக்கு ஹோர்ன் அடித்தார்களே, அது அந்தரம். பிறகு பவுசர் வராது என்று தெரிந்ததும் வந்தது கவலையும் இல்லை, யோசனையும் இல்லை, அதற்கான சொற்களை இங்கே போட்டால் இழையைப் பூட்டிவிடுவார்கள்.

அந்தரத்துக்கு ஒரு மென்மையான பக்கமும் உண்டு. சொல்லாமல் ஆட்கள் வந்துவிட்டார்கள், வீட்டில் சீனி இல்லை, தேத்தண்ணி கேட்கவும் முடியாது கேட்காமல் விடவும் முடியாது: "எனக்கு அந்தரமாப் போச்சு." அது பயம் இல்லை, வெட்கம் முழுதாகவும் இல்லை. செந்தமிழில் அந்தரம் ஆகாயவெளி. கால் வைக்க இடமில்லாத இடம். இந்த ஒரு சொல்லின் பழைய பொருளும் புதுப் பொருளும் எனக்கு ஒன்றையொன்று முட்டுவதாகத் தெரியவில்லை.

ஏக்கமும் அப்படி எங்களிடம் வேறு வீட்டுக்காரன். தமிழகத்தில் ஏக்கம் என்றால் கிடைக்காததற்குத் தவிப்பது. எங்களுக்கு அதுவும் உண்டு, ஆனால் "பிள்ளை ஏங்கிப் போச்சு" என்றால் திடுக்கிட்டுப் பயந்துவிட்டது என்று பொருள். ஏக்கம் தெளிய நூல் கட்டுவார்கள். ஷெல் விழுந்த காலத்தில் சின்னவர்களாக இருந்தவர்கள் இந்தச் சொல்லை இந்தப் பொருளில்தான் முதலில் கேட்டிருப்பார்கள். காதல் ஏக்கமெல்லாம் பிறகு சினிமாப்பாட்டில் வந்தது.

பதகளிப்பு: இது வாயில் இருந்து புறப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போன சொல். "ஏன் இப்பிடிப் பதகளிக்கிறாய்?" என்று அம்மாமார் கேட்பது. இலங்கையில் மனநலத்தைத் தமிழில் எழுதியவர்கள் அதை எடுத்துத் துறைச்சொல்லாக்கிவிட்டார்கள். தமிழகத்தில் பதற்றம் என்பார்கள். பதற்றம் ஊரிலும் நிலவும், எல்லையிலும் நிலவும். பதகளிப்பு ஆளுக்குத்தான் வரும். எனக்குப் பதகளிப்பே மேல்.

பெப்ரவரி 13, இரவு

பதகளிப்பைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. துண்டுப்பிரசுரத்தில் "பதகளிப்பு உள்ளவர்கள் 1926ஐ அழையுங்கள்" என்று போட்டால் என் மாமி அழைப்பாரா? மாட்டார். அவருக்கு இருப்பது யோசனை, நெஞ்சிடி, நித்திரையின்மை. தேசிய மனநல நிறுவகத்தின் எண் என்று சொன்னால் இன்னும் மோசம், ஊர் வாயில் அது இன்னும் இருக்கிற இடத்தின் பெயரில் "அங்கொடை"தான், அங்கொடை என்றால் வசவு. "யோசனை கூடி நித்திரை இல்லையா?" என்று கேட்டால் ஒருவேளை போனை எடுப்பார். டீச்சர், நீங்கள் வெட்டிய சொல் இப்படி ஒரு வேலையும் செய்யக்கூடும்.

பெப்ரவரி 15

சங்க இலக்கியத்தில் கவலை என்றால் கிளை பிரிகிற வழி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதால்தான் மனக்கவலைக்கும் அந்தப் பெயர் வந்தது என்று நீண்ட குறிப்பு ஒன்று எழுதியிருக்கிறார் ஒருவர். முதல் பாதி சரி. கவர்த்த வழி கவலைதான். குறளிலும் "மனக்கவலை மாற்றல் அரிது" என்று மனத்தைச் சேர்த்துத்தான் வருகிறது, ஏழாவது குறள். ஆனால் இரண்டாம் பாதி பட்டிமன்றத்துக்கு நல்லது. ஏனென்றால் கவலை என்ற பெயரில் ஒரு கிழங்குக் கொடியும் உண்டு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையும் உண்டு. கிழங்குக்கும் ஒரு கதை கட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

பெப்ரவரி 17

இப்போது மற்றவருக்காகப் படுவது. இதில் பேச எனக்கு அதிகம் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

கொழும்புப் பத்திரிகைத் தமிழில் ஆளாளுக்கு ஒரு சொல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்களுக்கு விசனம். குப்பை அள்ளாவிட்டால் மக்கள் விசனம், பஸ் வராவிட்டால் பயணிகள் விசனம். உண்மையில் அவர்கள் ஏசிக்கொண்டு நிற்கிறார்கள், ஆனால் தலைப்பில் விசனம் என்று வரும். பழைய தமிழில் விசனம் துக்கம், இப்போது அது மரியாதையாக உடுத்துக்கொண்ட எரிச்சல். வெளிநாட்டு அரசுகளுக்கும் ஐ.நா.வுக்கும் கரிசனை. ஜெனீவாவில் கூட்டம் நடந்தால் ஆழ்ந்த கரிசனை. தமிழகத்தார் கரிசனம் என்பார்கள், நாங்கள் ஐகாரத்தில் முடித்துக்கொண்டோம். விசனப்படுகிறவனுக்குக் குப்பை வீட்டு வாசலில் இருக்கிறது. கரிசனை கொள்கிறவருக்கு அது அறிக்கையில் இருக்கிறது. அறிக்கைகளைத் தமிழாக்கும்போது ஒருமுறை கரிசனையை எடுத்துவிட்டுக் கவலை என்று போட்டேன். "இது மிகவும் உணர்ச்சிவசமாக இருக்கிறது" என்று திரும்பி வந்தது.

அக்கறை? எழுத்துப்பிழை மட்டும் விடாதீர்கள், அக்கரைப்பற்றுக்குப் போகிற ர அதில் இல்லை. மற்றபடி, ஒருவர் இல்லாதபோதுதான் அந்தச் சொல் வாய்க்கு வரும். "அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை." இருக்கிறவரைப் பற்றிச் சொல்லவே மாட்டோம்.

பெப்ரவரி 21

டீச்சரின் பதில்: வாதம் எல்லாம் சரி, ஆனால் பரீட்சைத்தாள் திருத்துகிறவர் எந்த ஊர்க்காரரோ, பிள்ளையின் புள்ளி போனால் நீங்கள் தருவீர்களா?

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பரீட்சையில் "கவலையும் யோசனையுமாக இருந்தார்" என்று எழுதச் சொல்லுங்கள். ஒருவரும் வெட்டமாட்டார். ஆனால் வகுப்புக் கொப்பியில் தனி யோசனையாகவே இருக்கட்டும். தன் அம்மாவின் முகத்தைப் பார்த்து எழுதிய சொல் அது.

பெப்ரவரி 24

கடைசியாக ஒருவர், முச்சக்கரவண்டியில் இடிபட்டவர், பொலிஸ் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாராம். சாரதியின் கவலையீனமா, கவனயீனமா?

இரண்டும் எங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. கவலையீனம் என்பது கவனயீனத்தின் திரிபு என்று பலர் சாதிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவலை என்பதற்குள் அக்கறையும் இருந்த ஒரு காலத்தின் மிச்சம் அது என்றே நினைக்கிறேன். கவலை இல்லாமல் இருப்பது வரம், கவலையீனமாக இருப்பது குற்றம் என்று ஒரே சொல்லை வைத்து வாழ்த்தவும் ஏசவும் முடிகிறதே, அதை விட மனமில்லை.

ஆனால் முறைப்பாட்டில் கவனயீனம் என்றே போடுங்கள். கவலையீனம் என்று எழுதி, அந்தச் சாரதி நீதிமன்றத்தில் எழும்பி "உண்மைதான் ஐயா, எனக்கு அன்றைக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை" என்று சொன்னால் உங்கள் வழக்கு அதோடு சரி.